கடைக்காரர் 200 குர்த்தி கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலிருந்தே பருத்திக் குர்த்தி பிராண்ட் நடத்துகிறேன். துணி எடுத்து, வெளியே தைக்கக் கொடுத்து, இன்ஸ்டாகிராமில் 899 ரூபாய்க்கு விற்கிறேன். எல்லாச் செலவும் சேர்த்து ஒரு பீஸுக்கு 520 ஆகிறது. கோவையில் ஒரு துணிக்கடையில் 200 பீஸ் கேட்கிறார்கள். விற்ற பிறகுதான் பணம், லேபிள் விலையில் 40 சதவீதம் கடைக்கு என்கிறார்கள். கொடுக்கலாமா, இல்லை சொந்தக் கடையே போட்டுவிடலாமா?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். 899-இல் கடைக்கு 40 சதவீதம் போனால் நீங்கள் பில் போடுவது 539 ரூபாய். அதில் ஜிஎஸ்டி 26 ரூபாய் போக, கைக்கு வருவது 513. உங்கள் அடக்கமே 520. பீஸுக்கு 7 ரூபாய் கைநஷ்டம். 200 பீஸும் விற்றுத் தீர்ந்தாலும் நஷ்டம்தான்.

கடைக்காரர் மேல் தப்பில்லை. வாடகை, ஏசி, ஆள் சம்பளம் எல்லாம் அந்த 40-இல்தான் அவருக்கு. உங்கள் விலைதான் நேரடி விற்பனைக்கென்று வைத்த விலை. லேபிளில் 1,199 போட்டால் இதே கணக்கில் 685 நிற்கும். ஆனால் அதே குர்த்தி இன்ஸ்டாகிராமில் 899-க்குக் கிடக்கக் கூடாது. ட்ரயல் ரூமில் நிற்கும்போதே போனில் தேடிப் பார்த்துவிடுவார்கள்; கடைக்காரர் அடுத்த முறை உங்கள் அழைப்பை எடுக்க மாட்டார். அதனால் கடைக்கென்றே தனி டிசைன் செய்யுங்கள். பாக்கெட், லைனிங், நல்ல பட்டன் என்று 40, 50 ரூபாய் கூடப் போட்டாலும் தாங்கும்.

அடுத்தது, 200 வேண்டாம். நான்கு டிசைன், டிசைனுக்கு 12 என்று 48 பீஸ் போதும். சைஸை ஊகத்தில் பிரிக்காதீர்கள். பழைய ஆர்டர்களை எடுத்து எம் எத்தனை, எக்ஸ்எல் எத்தனை என்று எண்ணி, அதே விகிதத்தில் கொடுங்கள்.

விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் நான் பட்டிருக்கிறேன். ஒரு கடையில் நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், என் பீஸ்கள் கவுன்டருக்குப் பின்னால் அலமாரியில் மடித்தபடியே இருந்தன. மடிப்பு ஓரத்தில் வெளிச்சம் பட்டுக் கோடு கோடாக வெளுத்திருந்தது. ஒன்றுகூட ஹேங்கரில் தொங்கவில்லை. காசு போடாத சரக்கைக் கடை ஊழியர் முன்னால் எடுத்து வைக்க மாட்டார். அதனால் பாதியையாவது அவுட்ரைட்டாக, அதாவது விலைக்கே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதற்காக மார்ஜினில் இரண்டு, மூன்று சதவீதம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

மீதியை டெலிவரி சலானில், அதாவது விற்பனை பில் போடாமல் சரக்கோடு போகும் சீட்டில் அனுப்புங்கள். 60 நாளில் விற்காததைத் திருப்பித் தர வேண்டும், அழுக்கானதும் காணாமல் போனதும் கடையின் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். இப்படி அனுப்பிய சரக்கு ஆறு மாதம் தாண்டினால், விற்காவிட்டாலும் நீங்கள் ஜிஎஸ்டி பில் போட்டாக வேண்டும்.

விலைக்குக் கொடுத்த சரக்குக்கு 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். உங்கள் உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உற்பத்தியாளர் என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வெறும் வியாபாரி என்றிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பிராண்ட் பெயரை ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் டிரேட்மார்க் பதிய விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 4,500 ரூபாய்.

லேபிளில் பிராண்ட் உரிமையாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, வாடிக்கையாளர் தொடர்பு எண், மின்னஞ்சல், சென்டிமீட்டரோடு சைஸ் எல்லாம் இருக்கட்டும்.

சொந்தக் கடை இப்போது வேண்டாம். அட்வான்ஸுக்கும் அலமாரிக்கும் போகிற பணத்தில் இரண்டு சீசனுக்குத் துணி எடுத்துவிடலாம். கடை ஆசை இருந்தால் தீபாவளிக்கு முன் ஏதாவது ஒரு கண்காட்சியில் மூன்று நாள் ஸ்டால் எடுத்து நில்லுங்கள். ஒரு குர்த்தியைக் கையில் எடுத்தவர் எதைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார் என்று இன்ஸ்டாகிராமில் தெரியவே தெரியாது.

சரி, சரக்குக் கோவைக்குப் போய்விட்டது என்று வையுங்கள். முதல் சனிக்கிழமை மாலையே பஸ் ஏறிப் போய், கூட்ட நேரத்தில் ஒரு மணி நேரம் அந்தக் கடையில் நில்லுங்கள். உங்கள் குர்த்தி எந்த ரேக்கில் தொங்குகிறது, அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அங்கேயே சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு குர்த்தி கொடுத்துவிட்டு வருவதும் நல்லது.