அடிக்குறிப்பைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. வரலாறு, சட்டம், அரசியல், இலக்கியம் என எதில் ‘புதிய ஆய்வு’ வந்தாலும் செய்தியாகத்தான் படிக்கிறேன். மூலக் கட்டுரைக்குப் போனால் காசு கேட்கிறார்கள். அதை எப்படிப் பெறுவது? கிடைத்தாலும் எதை வைத்து நம்புவது?

பதில்: காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தலைப்பைத் தேடி, அதன் மற்றப் பதிப்புகளுக்கான இணைப்பையும் பாருங்கள். கட்டுரையாளரே ஏற்றிவைத்த இலவசப் பிரதி பல நேரம் அங்கே இருக்கும். ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு தொடங்கினால் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை இணையத்திலேயே படிக்கலாம். புத்தம் புதிய இதழ்கள் எல்லாம் அதில் இருக்காது. எதுவும் அகப்படவில்லையா, கட்டுரையாளருக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். கூச்சமே வேண்டாம். தன் கட்டுரையை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்றாலே பலருக்கு மகிழ்ச்சிதான்.

நம்புவதுதான் சிக்கல், துறைக்குத் துறை சல்லடை வேறு. அமெரிக்கச் சட்ட இதழ்கள் பலவற்றில் கட்டுரையைத் தேர்ந்தெடுப்பதே சட்ட மாணவர்கள்தான். எஸ்எஸ்ஆர்என் தளத்தில் கிடைக்கும் சட்ட, அரசியல் கட்டுரைகளில் நிறைய இன்னும் வெளியாகாத வரைவுகள். அதனால் இதழின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.

நான் செய்வது இதுதான். கட்டுரையின் மையமான வாதம் எந்த வாக்கியத்தில் நிற்கிறது என்று பார்ப்பேன், அப்புறம் அதன் அடிக்குறிப்புக்குப் போவேன். ‘ஊரே கிளர்ந்தெழுந்தது’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். அடிக்குறிப்பு இன்னொரு புத்தகத்தைக் காட்டும். அந்தப் புத்தகத்தைத் திறந்தால், ஒரேயொரு காவல் அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை. சரி, அவருக்குக் கூட்டத்தைப் பெரிதாகக் காட்ட வேண்டிய தேவை இருந்ததா? இந்தக் கேள்வியைக் கட்டுரை கேட்டிருந்தால் மேலே படிப்பேன்.

இந்த வேலைக்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது இத்தாலிய மொழியறிஞர் லோரென்சோ வல்லாவைத்தான். மேற்கு நிலங்களின் ஆட்சியைப் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாக, 4ஆம் நூற்றாண்டுப் பேரரசர் கான்ஸ்டன்டைன் பெயரில் ஒரு சாசனம் இருந்தது. அது போலி என்று 1440இல் வல்லா காட்டினார். ரோமாபுரிப் பெரியவர்களோடு சேர்த்து ‘சத்ரப்’ என்ற சொல்லும் அதில் வருகிறது. அது பாரசீக ஆளுநர்களின் பட்டம். அங்கே அதற்கு என்ன வேலை? இலத்தீன் நடையும் அந்தக் காலத்து நடை இல்லை. அரசியல் உரிமை கோரிய ஒரு சட்ட ஆவணத்தை மொழிப்புலமை கவிழ்த்துவிட்டது.

இலக்கியத்துக்கு ஒன்று மட்டும். சொற்களை எண்ணி ‘இதை எழுதியவர் அவர் இல்லை, இவர்’ என்று கணினி ஆய்வுகள் வருகின்றன. எந்தப் பதிப்பை வைத்து எண்ணினார்கள் என்று பாருங்கள். பதிப்பாசிரியர் திருத்திய சொல்லையும் சேர்த்தே கணினி எண்ணும். பதிப்பைச் சொல்லாத கட்டுரையை நான் அங்கேயே மூடிவிடுவேன்.