நாரோபோட் கேள்வி பதில்: பழைய சரக்குப் படகுக்காரர் பாணி நமக்கு வேண்டுமா?

இங்கிலாந்துக் கால்வாய்களில் விடுமுறைக்கு நாரோபோட் (குறுகலான நீளப் படகு) வாடகைக்கு எடுப்பவர்கள் கேட்டவை.

கே: அந்தக் காலச் சரக்குப் படகுக்காரர்கள் லாக்குக்குள் (தண்ணீரை நிரப்பியோ வடித்தோ படகை ஏற்றி இறக்கும், இரு பக்கமும் கதவுள்ள தொட்டி) நுழையும்போதே கயிற்றோடு குதித்து, கம்பத்தில் சுற்றிப் படகை நிறுத்துவார்களாமே. நாமும் செய்யலாமா?

ப: வேண்டாம். அவர்களுக்கு ஏற்றிய சரக்குக்குத்தான் கூலி. தாமதமானால் வயிற்றில் அடி. பின்னால் இழுபட்டு வந்த ‘பட்டி’ படகுக்கு என்ஜினே கிடையாது. இருபது டன்னுக்கு மேல் நிலக்கரியோடு வரும் 70 அடிப் படகுக்குக் கயிறுதான் பிரேக். உங்களிடம் ரிவர்ஸ் கியர் இருக்கிறது. கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவே மாட்டிய விரல் போனது போனதுதான்.

கே: டாய்லெட் டேங்க் எத்தனை நாள் தாங்கும்?

ப: படகு தந்த கம்பெனியைக் கேளுங்கள்.

கே: மேலே ஏறும் லாக்கில் படகின் மூக்கை மேல்கதவில் முட்டவைத்து என்ஜினை ஓடவிட்டால், தண்ணீர் சமமானதும் கதவு தானே திறக்கிறதே?

ப: திறக்கும். பழையவர்கள் செய்ததும் அதுதான். ஆனால் படகு உயரும்போது முன்னால் தொங்கும் ஃபெண்டர் (இடி தாங்கும் மெத்தை) கதவின் சட்டத்துக்கு அடியில் மாட்டினால் மூக்கு மட்டும் மேலே வராது. பின்பக்கம் உயர்ந்துகொண்டே போகும், முன்கதவு வழியே தண்ணீர் உள்ளே வரும்.

கே: நான் முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. புதியவர்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ப: உங்கள் கண் ஃபெண்டர் மேலேயே இருந்திருக்கும், பேடில் (லாக்குக்குத் தண்ணீர் விடும் சிறு மடை) பக்கத்தில் அதை மூட ஆளும் நின்றிருப்பார். மெதுவாக முட்டினால் கதவுக்குக் கெடுதல் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்பவர் சனிக்கிழமைதான் படகை வாடகைக்கு எடுத்தவர். சமையலறையில் டீ போட்டுக்கொண்டே முட்டவைப்பார்!

கே: இறங்கும்போது பின்னால் எவ்வளவு இடம் விட வேண்டும்?

ப: ‘சில்’லைக் கவனியுங்கள்! மேல்கதவின் அடியில் இருக்கும் திண்டு. கரையில் வெள்ளைக் கோடு இருக்கும், படகின் பின்முனை அதைத் தாண்டி முன்னால் இருக்கட்டும். பின்பக்கம் திண்டில் உட்கார்ந்தால் உடனே பேடிலை மூடுங்கள்.

கே: அப்படியானால் அவர்களிடம் கற்க ஒன்றுமே இல்லையா?

ப: லாக்-வீலிங்! ஒருவர் சைக்கிளில் முன்னால் போய் அடுத்த லாக்கைத் தயார் செய்வது. அருமையான வழக்கம். ஆனால் எதிரே படகு வருகிறதா என்று முதலில் பாருங்கள். எதிரே வருபவர்களுக்காக நிரம்பி நிற்கும் லாக்கை நீங்கள் காலி செய்தால் திட்டு நிச்சயம், ஒரு லாக் தண்ணீரும் வீண்.

கே: கூரையிலிருந்து கரைக்குக் குதித்தால்?

ப: முதல் பதில்.