முகம் வரையாமல் குறியீடுகளால் மட்டும் சுய உருவப்படம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாத நான் எங்கிருந்து தொடங்குவது?

டிசைன் வகுப்பு அசைன்மென்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே "என் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடந்ததில்லை" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதே வரியை நானும் என் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அப்போது கோபம் வந்தது.

இந்நேரம் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு தாளில் உங்கள் குணங்களை எழுதியிருப்பீர்கள். அமைதியானவன், விடாமுயற்சி உள்ளவன், கனவு காண்பவன், இப்படி. பிறகு ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு படம் தேடியிருப்பீர்கள்: அமைதிக்கு நிலா, விடாமுயற்சிக்கு மலை, கனவுக்குச் சிறகு. நான் அதைத்தான் செய்தேன். என் முதல் படத்தில் ஒரு மரம், வேர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மனிதத் தலை, கிளையில் பழத்துக்குப் பதிலாக ஒரு பல்பு, பல்புக்குள் ஒரு பறவை. பறவை எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

எங்களுக்குக் கொடுத்த விதிகள் இவ்வளவுதான்: ஏ3 தாள், முகம் கூடாது, பெயர் கூடாது, அதிகபட்சம் மூன்று நிறம், கூடவே கால் பக்க விளக்கம். முதல் ரிவ்யூவில் ஆசிரியர் எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டச் சொன்னார். என் படத்தைக் கழற்றிப் பக்கத்து நண்பனின் இடத்திலும், அவன் படத்தை என் இடத்திலும் ஒட்டிவிட்டு, "இப்போது ஏதாவது தப்பாகத் தெரிகிறதா?" என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை. அவன் படத்திலும் பல்பு இருந்தது. மொத்தச் சுவரில் ஏழு பல்புகள். வேறு வேலை இல்லாததால் எண்ணிப் பார்த்தேன்.

அப்புறம்தான் அவர் பர்ஸைப் பற்றிப் பேசினார். சார்லஸ் சாண்டர்ஸ் பர்ஸ், அமெரிக்கத் தத்துவவாதி, 1914இல் இறந்தவர். குறிகளை அவர் மூன்று வகையாகப் பிரித்தது டிசைன் படிக்கிற எல்லாருக்கும் ஒரு முறையாவது சொல்லித்தரப்படும், எல்லாரும் ஒரு முறையாவது தூங்குவோம். பொருளைப் போலவே இருப்பது ஒரு வகை, உங்கள் ஃபோட்டோவைப் பார்த்து வரைந்த படம் போல. வழக்கத்தால் அர்த்தம் பெற்றது இன்னொரு வகை, புறா என்றால் சமாதானம் என்பது போல. மூன்றாவது, பொருளோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்ததால் உண்டாகும் குறி: நெருப்புக்குப் புகை, நடந்தவனுக்குக் காலடித்தடம். அன்று ஆசிரியர் சொன்னது: "நீங்கள் எல்லாரும் இரண்டாவது வகையிலேயே தேடுகிறீர்கள். அது ஊருக்கே பொதுவான சொத்து. அதில் உங்களை எங்கே கண்டுபிடிப்பது? மூன்றாவது வகையில் தேடுங்கள். உங்கள் கை பட்டுத் தேய்ந்தது என்ன இருக்கிறது என்று பாருங்கள்."

இதை ஒரு பெரிய ஞானமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன், அவ்வளவுதான். அதில் என் ஸ்கேல் இருந்தது.

பதினைந்து சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல். அண்ணன் உபயோகித்து எனக்கு வந்தது. வரும்போதே பூஜ்யம் இருந்த முனை உடைந்துதான் வந்தது. அதனால் சின்ன வயதிலிருந்து நான் 1இல் தொடங்கித்தான் அளப்பேன், முடிவில் ஒன்றைக் கழிக்க வேண்டும். கழிக்க வேண்டும் என்பது தெரியும். பாதி நேரம் மறந்துவிடும். ஆறு சென்டிமீட்டர் முக்கோணம் என்று வரைந்தால் ஐந்துதான் இருக்கும். கணக்கில் வழி சரி, விடை சரி, படம் மட்டும் தப்பு என்று மதிப்பெண் போனது எத்தனை தடவை என்று நினைவில்லை. புது ஸ்கேல் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்கத் தோன்றவில்லை, அதுதான் விஷயமே. ஸ்கேல் என்றால் 1இல் தொடங்குவது என்றே வளர்ந்துவிட்டேன்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கொடுமை இருக்கிறது, பயிற்சிப் புத்தகம். உடை, செருப்பு எல்லாம் பரவாயில்லை, போட்டுக்கொள்ளலாம். ஆனால் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று இருக்கும் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவன் நிரப்பி வைத்திருப்பான். அதை ரப்பர் வைத்து அழித்துக் கொடுப்பார்கள். அழித்தாலும் பென்சில் அழுத்திய பள்ளம் அப்படியே இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். படித்து எழுதினால் அண்ணன் செய்த தப்பை நானும் செய்திருப்பேன், காப்பியடித்தாயா என்று திட்டு விழும். யாரைப் பார்த்துக் காப்பியடித்தேன்? மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து! பாடப்புத்தகத்தில் இருந்த எல்லாத் தலைவர்களுக்கும் அவன் மீசை வரைந்து வைத்திருந்தான், பெண்களுக்கும் சேர்த்து. அதற்கும் பதில் சொன்னது நான்தான். சரி, போகட்டும். யாராவது கீழே வந்து "அண்ணன் பொருளைப் பயன்படுத்துவது கேவலமா" என்று கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: இல்லை. வீட்டின் மேலும் குறையில்லை, அவன் மேலும் குறையில்லை. புத்தகத்தை இன்னும் நன்றாக அழித்திருக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது முயற்சியில் ஸ்கேலைப் போட்டேன். கூடவே பழைய செருப்பு, பெயர் மேல் பெயர் ஒட்டிய லேபிள், தேய்ந்த ரப்பர் எல்லாவற்றையும் போட்டேன், பார்க்கிறவர்களுக்குக் கதை புரியவேண்டுமே என்று. ஆசிரியர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றை மறைக்கும்போதும் ஒரு நொடி நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் ஸ்கேல் மட்டும் மிஞ்சியது. "இதை வைத்து யாருக்கு என்ன புரியும்?" என்று வாதாடினேன். அதற்கு அவர் காட்டியது ஓவியர் வின்சென்ட் வான் கோவின் நாற்காலி ஓவியம். 1888இல் வரைந்தது. வைக்கோல் பின்னிய சாதாரண நாற்காலி, அதன்மேல் ஒரு பைப்பும் கொஞ்சம் புகையிலையும், ஆள் இல்லை. பின்னால் முளைவிட்ட வெங்காயப் பெட்டி ஒன்று, அதில்தான் வின்சென்ட் என்று கையெழுத்து. அப்போது அவரோடு தங்கியிருந்த ஓவியர் பால் கோகனுக்கும் தனியாக ஒரு நாற்காலி வரைந்தார்: கைப்பிடி வைத்தது, மேலே எரியும் மெழுகுவர்த்தி, இரண்டு நாவல்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் எப்படிப்பட்டவர் என்று ஓரளவு பிடிபடும், ஆனால் முழுவதும் பிடிபடாது. அது போதும் என்றார் ஆசிரியர். படத்தைப் பார்ப்பவர் முழுக்கதையையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கதை இருக்கிறது என்று சந்தேகப்பட்டால் போதுமாம்.

கடைசியாக நான் செய்தது இது. ஸ்கேலை வரையவில்லை. கோடுகள் பள்ளமாகப் பதிந்த பழைய ரகம் அது, அதனால் மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். என் பள்ளிப் புத்தகத்துப் பள்ளங்களுக்கு நான் வாங்கிய பழி என்றும் வைத்துக்கொள்ளலாம், விளக்கத்தில் அப்படித்தான் எழுதினேன், உண்மையில் அது எனக்கு அப்புறம்தான் தோன்றியது. தேய்த்ததை ஸ்கேன் செய்து தாளின் அடியில் அசல் அளவிலேயே வைத்தேன். தாளைச் சுற்றி மெல்லிய கறுப்புச் சட்டம், அதில் மேல்கோடு மட்டும் மூலைக்குச் சரியாக ஒரு சென்டிமீட்டர் முன்னால் நின்றுவிடும். மற்றதெல்லாம் வெள்ளை.

இதில் உங்களுக்கு உண்மையாகவே உதவக்கூடிய ஒன்று: அளவு முக்கியமான படம் என்றால் பிரிண்ட் கொடுக்கும்போது பக்கத்துக்குப் பொருத்து என்ற தேர்வு நீக்கப்பட்டு அசல் அளவு 100 சதவீதம் என்று இருக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். எனக்கு முதல் பிரிண்டில் படம் சுருங்கி வந்தது. உடைந்த ஸ்கேலைப் பற்றிய படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டராக இல்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நல்லவேளை, ஒரு நாள் முன்னதாகவே கொடுத்திருந்தேன்.

இரண்டு வகை ஆட்சேபணைகள் வரும் என்று தெரியும். ஒன்று, கலை என்றால் எதுவும் செல்லும், இத்தனை யோசனை எதற்கு என்பவர்கள். 1961இல் ஐரிஸ் கிளேர் என்ற கேலரிக்காரரின் உருவப்படக் கண்காட்சிக்கு, ராஷன்பர்க் என்ற அமெரிக்க ஓவியர் படத்துக்குப் பதிலாக ஒரு தந்தி அனுப்பினார். இது ஐரிஸின் உருவப்படம்தான், நான் அப்படிச் சொன்னால், என்று. அருமை. அவர் ராஷன்பர்க். உங்களுக்கு உள்மதிப்பீடு இருக்கிறது. இரண்டாவது கூட்டம், உன் ஆழமான காயத்தைத் திறந்து காட்டு என்பார்கள். வேண்டாம். அந்தச் சுவரில் வகுப்பே பார்க்கும், பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கும். எதைப் பற்றிக் கேட்டால் உங்களால் குரல் உடையாமல் பதில் சொல்ல முடியுமோ அதை மட்டும் மாட்டுங்கள். என் வகுப்பில் ஒரு பெண் இதற்கு மாறாகச் செய்து பாதியில் எழுந்து போனாள், அதற்கு மேல் சொல்வது சரியில்லை.

என் ரிவ்யூவில் வந்த முதல் கருத்து, "மேலே பிரிண்ட் கட்டாகியிருக்கு". மதிப்பெண் சுமார்தான். அதிக மதிப்பெண் ஒரு சிங்கத்துக்குப் போனது. வயிற்றெரிச்சல் இல்லை என்றால் பொய், பிடரி மயிரை மட்டும் நன்றாகச் செய்திருந்தான். அதனால் இந்த வழியில் போனால் மதிப்பெண் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. சுவரில் என் படத்தை வேறு யார் படத்தோடும் மாற்றி ஒட்ட முடியவில்லை என்பது மட்டும் நிஜம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அலமாரி மேல் சாய்த்து வைத்திருந்தேன். அண்ணன் வந்தபோது கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். சட்டத்தில் இருந்த இடைவெளியை அவன் கவனிக்கவில்லை. குனிந்து அடியில் இருந்த கோடுகளைப் பார்த்துவிட்டு, "டேய், இது என் ஸ்கேல்தானே? இதைத்தான் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்தேன், உன்னிடமா இருக்கு?" என்றான். முனையை உடைத்தது யார் என்று கேட்டேன். அது அவனுக்கு ஞாபகமில்லையாம்.