கிளட்ச் போன பாக்ஸ்டர்: முதலில் ஆயில் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்

2001 போர்ஷே பாக்ஸ்டர், கிளட்ச் வழுக்குகிறது, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிகிறது, மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிளட்சைக் கண்டு பயப்பட வேண்டாம், அது தேயும் பொருள்தான். எனக்குக் கவலை ஐஎம்எஸ் பேரிங், அதாவது இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டை (intermediate shaft) தாங்கிச் சுழலவிடும் பேரிங். அந்த வருட வண்டிகளில் பெரும்பாலும் குண்டுகள் ஒரே வரிசையில் உள்ள பலவீனமான பேரிங்தான் இருக்கும், அது உடைந்தால் இன்ஜினே போய்விடும், அப்புறம் மாற்று இன்ஜின் செலவு வண்டி விலையையே தாண்டிவிடலாம். முன்பே மாற்றியிருந்தால் ரசீதைக் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. ரசீது இல்லையா, ஆயில் ஃபில்டரைக் கழற்றி மடிப்புகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலோகத் துகள் மின்னினால் விட்டுவிடுங்கள்.

சுத்தமாக இருந்தால் இந்த கிளட்ச் வேலையே உங்களுக்குச் சாதகம். கியர்பாக்ஸை எப்படியும் இறக்கத்தான் போகிறார்கள், பேரிங்கும் பின்பக்க ஆயில் சீலும் அங்கேதான் இருக்கின்றன, கூலியில் பெரும்பகுதி மிச்சம். கசிவு அந்த பேரிங் மூடியிலிருந்தும் வரலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சரி, கிளட்ச், பேரிங், சீல் மூன்றுக்கும் சேர்த்து மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். ஃபில்டரைத் திறக்கவே விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் நானாக இருந்தால் அந்த வண்டியைத் தொடமாட்டேன்.