பைத்தான் மொழியில் அட்டவணைகளைக் கையாள உதவும் பாண்டாஸில் 07/03/2024 என்ற தேதி ஏன் ஜூலை 3 ஆகிவிடுகிறது?

நாம் எதுவும் சொல்லாமல் விட்டால், அமெரிக்க வழக்கப்படி மாதம்தான் முதலில் என்று பாண்டாஸ் எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் நாள் முதலில்.

எர்ரர் வந்தால் தப்பித்தோம். வராமல் போவதுதான் ஆபத்து. 13-ஆம் மாதம் கிடையாது, அதனால் 13 முதல் உள்ள நாட்கள் மாட்டிக்கொள்ளும். 12 வரையுள்ள நாட்கள் இரண்டு விதமாகவும் பொருந்தும். வருடத்தில் 144 தேதிகள் அப்படி. 01/01, 02/02 போன்ற 12-ஐக் கழித்தால் 132 தேதிகள் சத்தமில்லாமல் புரண்டுவிடும். பாண்டாஸ் 2.0-க்கு முந்தைய பதிப்புகளில் அட்டவணையின் ஒரே பத்தியில் (column) 07/03 ஜூலையாகவும் 17/03 மார்ச்சாகவும் உட்கார்ந்துவிடும். 2.0 முதல், பத்தியின் முதல் தேதியைப் பார்த்து ஃபார்மேட்டை முடிவு செய்கிறது. ஒத்துவராத வரியில் எர்ரர். தொந்தரவு என்று, படிக்க முடியாத தேதியைக் காலியாக்கும் ‘கோயர்ஸ்’ (errors='coerce') போட்டு அதன் வாயை அடைக்காதீர்கள். அந்த வரிகள் காலியாகும், மற்றவை தப்பாகவே நிற்கும்.

நாள்தான் முதலில் என்று சொல்லும் ‘டேஃபர்ஸ்ட்’ (dayfirst=True) மட்டும் போட்டாலும் அது கறாராக இருக்காது. நாள், மாதம், நாலு இலக்க வருடம் என்று ஃபார்மேட்டையே எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், கோப்பு எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். அமெரிக்க செட்டிங் உள்ள கம்ப்யூட்டரில் எக்செல் திறந்திருந்தால், 07/03 அங்கேயே ஜூலையாகி செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். 17/03 வெறும் எழுத்தாக இடப்பக்கம் கிடக்கும். ஒரே பத்தியில் இரண்டும் கலந்து தெரிந்தால் மூலக் கோப்பைத் திரும்ப வாங்குவதே நல்லது.

கடைசியாக, விவரம் சொல்லும் கதையைப் பாருங்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து நெல் கொள்முதல் கணக்கு என்றால், பிசானப் பருவ நெல் அறுவடை மாசி, பங்குனி வாக்கில் நடக்கும். ஜூலை தொடக்கத்தில் புது நெல் வந்ததாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். அப்போது தாமிரபரணித் தண்ணீரில் அடுத்த பருவமான கார் நெல் வளர்ந்துகொண்டுதானே இருக்கும்! மாதவாரியாக எண்ணிப் பார்த்தால் இந்தத் தப்பு உடனே கண்ணில் படும்.

சேமிக்கும்போது 2024-03-07 என்றே வையுங்கள். தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 வடிவம் அது. எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் தேதி வரிசை கலையாது.