"நான் முன்ன மாதிரி இல்ல": கேள்வி பதில்

ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்ததும் பலர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே. நான் மனநல ஆலோசகர், மருந்து எழுதுபவள் அல்ல. மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அக்கா, கல்லூரி முடிக்கும்வரை படம் வரைந்துகொண்டே இருப்பேன். அப்புறம் கல்யாணம், குழந்தைகள் என்று 18 வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் பென்சிலை எடுத்தேன். ஒரு முகம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்தப் பெண் போயே போய்விட்டாளா?

போகவில்லை. 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி மனப்பாடம் செய்து பார்த்த சோதனைகளை வெளியிட்டார். சுத்தமாக மறந்துவிட்டது என்று தோன்றியதைக்கூட இரண்டாம் தடவை படிக்க அவருக்குக் குறைந்த நேரமே பிடித்தது. கைப்பழக்கமாகப் படிந்தவை அதைவிடக் கெட்டி.

பிறகு ஏன் முகம் வரவில்லை? இத்தனை வருஷமும் நீங்கள் நல்ல படங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். ரசனை வளர்ந்துவிட்டது, கை மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கிறது. அன்றைக்கு உங்களுக்கே அழகாகத் தெரிந்திருக்கும் கோடு இன்றைக்குக் கண்ணை உறுத்துகிறது.

அதனால் முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். முகத்தில் மயிரிழை தப்பினாலும் தெரிந்துவிடும். எழுதாத கையை மேசைமேல் வைத்துக்கொண்டு அதன் ஓரத்தை மட்டும் பாருங்கள். தாளைப் பார்க்காமல், பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல், ஒரே கோடாக வரையுங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம் போகும், மணிக்கட்டு தாளை விட்டே வெளியே போகும். யாராலும் அழகாக வரைய முடியாத பயிற்சி என்பதால்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்கு நீங்களே மார்க் போட்டுக்கொள்ள இதில் வழியில்லை. பழைய நோட்டுகளைக் கொஞ்ச நாளைக்குப் பரணிலிருந்து இறக்க வேண்டாம்.

இன்னொன்று. திரும்பி வரப்போவது அந்தக் கல்லூரிப் பெண் இல்லை. அவளுக்குத் தெரியாத நிறைய விஷயம் உங்களுக்குத் தெரியும். நாற்பது வயதுக்காரியின் படம் வேறு மாதிரிதான் இருக்கும், இருக்கட்டும்.

சின்ன வயசிலிருந்தே நான் 'நல்ல பையன்'. கோபப்பட்டதே இல்லை. இப்போது எந்தப் படத்துக்குப் போகலாம் என்று கேட்டால்கூட "எதுவா இருந்தாலும் ஓகே" என்றுதான் வாயில் வருகிறது. எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியவில்லை. உள்ளே நான் என்று ஒருவன் இருக்கிறானா?

குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வுக்கு வந்த டொனால்ட் வின்னிகாட், 1960-இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'உண்மையான நான்', 'பொய்யான நான்' என்று பிரித்துப் பேசினார். தன் தேவைக்கு வீட்டில் இடமில்லை என்று கண்டுகொள்ளும் குழந்தை, பெரியவர்களின் தேவைக்கேற்ப ஒரு முகத்தை வளர்த்துக்கொள்கிறது. வின்னிகாட் சொன்னதில் எனக்குப் பிடித்தது, அந்தப் பொய் முகத்தை அவர் எதிரியாகப் பார்க்காததுதான். உள்ளே இருப்பதைப் பத்திரமாக ஒளித்துவைப்பதே அதன் வேலை.

ஆகவே அந்த 'நல்ல பையனை' விரட்டப் பார்க்காதீர்கள். அவன்தான் உங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்தவன். இனி எல்லா இடத்திலும் அவனே பதில் சொல்ல வேண்டியதில்லை, அவ்வளவுதான். "எதுவா இருந்தாலும் ஓகே" வாயில் வரும்போது ஒரு மூச்சு விட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் தெரியவருவது பிடிக்காததுதான். "அந்தப் படம் வேண்டாம்" என்பது முதல் படி. எது வேண்டும் என்பது மெதுவாக வரும். கோபம் கடைசியில் வரும். வந்தால் பதறாதீர்கள்.

ஆறு மாதமாக எதிலும் மனசு ஒட்டவில்லை. பாட்டு கேட்பேன், இப்போது கேட்கத் தோன்றவில்லை. தூக்கமும் சரியில்லை. என்னையே தொலைத்துவிட்டேன் என்று தோன்றுகிறது. என்னை எங்கே போய்த் தேடுவது?

தேடப் போகாதீர்கள், முதலில் மருத்துவரிடம் போங்கள். அநேகமாக நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருப்பது மனச்சோர்வு நோயின் முக்கியமான அடையாளம். உங்களுக்கு ஆறு மாதம் ஆகிவிட்டது, தூக்கமும் போயிருக்கிறது. தைராய்டு குறைபாடுகூட இப்படிக் காட்டலாம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சிகிச்சை பலித்ததும் பாட்டு தானாகவே திரும்ப வருவதைப் பார்த்திருக்கிறேன். நோயைத் தத்துவமாக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

மேடம், ஒரு முகாமில் ஹிப்னாடிசம் மூலம் மறந்துபோன சிறுவயது நினைவுகளை மீட்டு 'உள்ளே இருக்கும் குழந்தையை' குணப்படுத்துகிறார்களாம். போகலாமா?

வேண்டாம் என்பேன். 1995-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜாக்குலின் பிக்ரெல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 24 பேரிடம், வீட்டார் சொன்ன மூன்று உண்மைச் சம்பவங்களோடு, சிறுவயதில் கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாக ஒரு கட்டுக்கதையையும் சேர்த்துச் சொன்னார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் அந்தக் கதையை முழுதாகவோ பாதியாகவோ 'நினைவுகூர்ந்தார்கள்'. ஹிப்னாடிசம் சேர்ந்தால் இன்னொரு சிக்கல்: நினைவு சரியாக வருகிறதோ இல்லையோ, அது சரி என்ற நம்பிக்கை மட்டும் கூடிவிடுகிறது. நடக்காத ஒன்றுக்காக அப்பாவோடு பேச்சை முறித்துக்கொண்டால் அதை யார் சரிசெய்வது?

சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களில் மிகப் பலருக்கு நடந்தது நன்றாகவே நினைவிருக்கும், யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைப் பேச முகாம் தேவையில்லை. நம்பிக்கையான, பயிற்சி பெற்ற ஒருவர் போதும்.

டைரி எழுதினால் பலன் உண்டா?

உண்டு, ஆனால் அளவோடு. உளவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் தினம் 15 நிமிடமாக நான்கு நாள் எழுதினார்கள். மனத்தை உலுக்கிய சம்பவத்தையும் அப்போது பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு கனத்துத்தான் இருந்தது. பின்னால் வந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பலன் உண்மைதான், சின்னதுதான் என்று தெரிந்தது. எழுத எழுத மோசமாகிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள்.

ஆபீஸில் ஒருத்தி, வீட்டில் ஒருத்தி, நண்பர்களோடு ஒருத்தி. இதில் எது நிஜமான நான்?

மூன்றும்தான். மூன்றில் ஒன்று மூச்சுத் திணற வைத்தால் மட்டும் அதைக் கவனியுங்கள்.

ஒரு விபத்துக்குப் பிறகு பழையபடி ஓட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் "பாசிட்டிவா இரு, பழைய ஆளா வந்துடுவ" என்கிறார்கள். எரிச்சலாக இருக்கிறது.

எரிச்சல் நியாயமானது. சிலது திரும்பாது. ஓடிக்கொண்டிருந்த அந்த ஆள் போனதற்கு ஊரில் யாரும் துக்கம் கேட்டு வருவதில்லை, அதனால் நீங்களும் துக்கப்படக் கூடாது என்று ஆகிவிடுகிறது. படுங்கள். அதிகாலை ஓட்டத்தில் என்ன கிடைத்தது என்று பிரித்துப் பார்க்கவும் ஒருநாள் மனசு வரும். தனிமையா, வேர்வையா, யாரையோ ஜெயிப்பதா? ஒருவேளை அதில் ஒன்றுக்கு வேறு வழி இருக்கலாம். அதற்கு அவசரமில்லை.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு மேடை நாடகத்துக்குத் திரும்பிவிட்டேன், சந்தோஷமாக இருக்கிறேன். வீட்டில்தான் "நீ மாறிட்ட" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். சுயநலமோ என்று குற்ற உணர்ச்சி.

அவர்கள் சொல்வது உண்மை, மாறித்தான் இருக்கிறீர்கள். எப்போது கூப்பிட்டாலும் கையெட்டும் தூரத்தில் இருந்த ஆள் இப்போது இல்லை என்பது அவர்களுக்கு நஷ்டம். "எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு" என்று பொதுவாகப் பேசினால் சண்டையில்தான் முடியும். எந்தெந்த மாலை ஒத்திகை என்று கிழமை சொல்லிப் பேசுங்கள். அன்றைக்குச் சமையல் யார், பிள்ளைகளின் பாடத்தைப் பார்ப்பது யார் என்பதையும் அதே பேச்சில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் தேய்ப்பது நீங்களாகத்தான் இருக்கும். முடிந்தால் அவர்களை ஓர் ஒத்திகைக்கு அழைத்துப் போங்கள். அரங்கேற்றத்தைவிட ஒத்திகை நல்லது, நீங்கள் வசனத்தை மறந்து திட்டு வாங்குவதையும் பார்க்கலாம்.