பட்டமளிப்பு விழாவன்று பல்கலைக்கழகக் கார் நிறுத்தக வரிசை சாலைவரை நீள்வது பற்றி

விருந்தினர் கட்டணத்தை நுழைவாயிலில் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். அங்கே சீட்டு மட்டும் போதும். பணத்தைப் படிக்கட்டு அருகே, காரை எடுக்க வரும்போது வாங்கலாம்.

ஒரு காருக்கு 30 வினாடி பிடித்தால், ஒரு வாயிலில் மணிக்கு 120 கார்கள்தான் நுழைய முடியும். ஒருவர் சில்லறை தேடினாலே அதுவும் குறைந்துவிடும்.

கூட்ட நேரத்தில் தடுப்புக் கம்பத்தைக் கவனியுங்கள். கம்பம் உயர்ந்த பிறகும் கார் நகராமல் நின்றால், அடைப்பு உள்ளே இருக்கிறது: முதல் தளத்திலேயே இடம் தேடி ஊர்கிறார்கள். அப்போது ஒரு காவலரை ஏற்றப்பாதையின் அடியில் நிறுத்தி, நேராக மேல்தளத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

வசூலை வெளியேறும் வாயிலுக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள். விழா முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவார்கள்; மூடிய தளத்தில் புகை சூழ, முதியவர்களும் குழந்தைகளும் காருக்குள் காத்துக்கிடக்க நேரும்.